வீட்டுப் பட்டறையில் மரத்தூளை உறிஞ்சக் குழாய் போடும் முறை

மரவேலை மிஷின் வாங்குகிறவர்கள் தூசி உறிஞ்சும் கருவியைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். வாங்கின பிறகும் ஒரு ஹோஸை மிஷினின் வாயில் எப்படியோ செருகி, டேப் சுற்றி, அத்தோடு விட்டுவிடுகிறார்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், அந்த இணைப்பு சரியில்லை என்றால் தூள் உங்கள் மூக்குக்குத்தான் வரும். திருச்சியில் திருவெறும்பூர்ப் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் டக்ட் (காற்று போகும் தகரக் குழாய்) வேலை பார்த்தவன் நான். இப்போது வீட்டுக் கார் ஷெட்டில் நாற்காலியும் அலமாரியும் செய்கிறேன். தகர டக்டில் காற்று எப்படி ஓடுமோ அப்படித்தான் பிவிசி பைப்பிலும் ஓடும் என்பதால், அந்தத் தொழிலில் கற்றதை வைத்தே இதை எழுதுகிறேன்.

தரையில் விழுகிற சீவலைப் பெருக்கி அள்ளிவிடலாம். 10 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய தூள் அப்படி இல்லை. கண்ணுக்குத் தெரியாது, மிஷினை நிறுத்தின பிறகும் வெகுநேரம் காற்றிலேயே மிதக்கும், நுரையீரல் வரை போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் வைத்திருக்கிறது. மூக்கிலும் அதை ஒட்டிய சைனஸ் அறைகளிலும் அந்தப் புற்றுநோய் வருகிறது. தேக்கு, ஈட்டி போன்ற மரங்களின் தூள் பலருக்குத் தோல் அரிப்பும் தும்மலும் தரும். எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) அறுத்தால் வருவது மிக நைஸான தூள், அதோடு பசையும் கலந்திருக்கும்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகைக் கருவி என்று பாருங்கள். வெட் அண்ட் டிரை வாக்குவம் அதிக விசையோடு உறிஞ்சும், ஆனால் அது இழுக்கும் காற்றின் அளவு குறைவு, 100 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 100 கன அடி) அளவில் இருக்கும். பெரிய துணிப்பை தொங்கும் டஸ்ட் கலெக்டர் நேர்மாறு. அதன் உறிஞ்சு விசை குறைவு, காற்று ஏராளம். சாண்டர் (உப்புத்தாளால் தேய்ப்பது), கையில் பிடிக்கும் ரவுட்டர் (விளிம்பும் பள்ளமும் செதுக்குவது), சர்க்குலர் சா (வட்ட ரம்பம்) போன்ற சின்ன வாய் உள்ளவற்றுக்கு வாக்குவம். பிளேனர் (மரத்தை இழைப்பது), டேபிள் சா (மேஜை ரம்பம்), பேண்ட்சா (பட்டை ரம்பம்) போன்ற பெரிய மிஷின்களுக்கு டஸ்ட் கலெக்டர். இதை மாற்றிப் போட்டால் இரண்டுமே சரியாக வேலை செய்யாது. டஸ்ட் கலெக்டரைச் சாண்டரின் ஒரு அங்குல வாயில் மாட்டினால் காற்று வருவதே தெரியாது. பிளேனருக்கு வாக்குவம் மாட்டினால் கொஞ்ச நேரத்தில் ஹோஸ் சீவலால் அடைத்துக்கொள்ளும்.

குழாய் அளவில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். மரத்தூள் குழாய்க்குள் படியாமல் ஓட, காற்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போக வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 100 மிமீ குழாயில் அந்த வேகம் வர சுமார் 330 சிஎஃப்எம் காற்று தேவை. அதே வேகத்தில் 50 மிமீ குழாயில் போவது சுமார் 83 மட்டுமே. விட்டம் பாதியானால் வழி கால்வாசியாகிவிடும். ஆகவே மிஷினின் வாய் 100 மிமீ என்றால் கலெக்டர் வரை 100 மிமீயாகவே கொண்டுபோங்கள். நடுவில் ஒரே ஒரு இடத்தில் ரெடியூசர் போட்டுச் சுருக்கினாலும் முழு லைனிலும் காற்று குறையும். கலெக்டர் பெட்டியில் போட்டிருக்கும் சிஎஃப்எம் அளவை அப்படியே நம்ப வேண்டாம். குழாயும் பையும் இல்லாமல் அளந்த அளவாக இருக்கும், லைன் போட்ட பிறகு அதில் நிறையக் குறையும்.

ஹார்டுவேர் கடையில் கழிவுநீருக்கு விற்கும் 110 மிமீ எஸ்டபிள்யூஆர் (கழிவுநீர், மழைநீர் போகும் பிவிசி) பைப் இந்த வேலைக்கு அருமையாகப் பொருந்தும். 110 என்பது வெளிவிட்டம். சுவர் கனம் இரண்டு, மூன்று மில்லி போக உள்ளே 104, 105 இருக்கும். மிஷினின் 100 மிமீ வாய் அதற்குள் தாராளமாக நுழையும். மீதி இடைவெளியைப் பழைய லாரி டியூபைப் பட்டையாக வெட்டிச் சுற்றி அடைக்கலாம். இறுக்கமாக நிற்கும், வேண்டும்போது கழற்றவும் வரும்.

வளைவுகளில் கஞ்சத்தனம் வேண்டாம். 90 டிகிரி எல்போ ஒன்று போடும் இடத்தில் 45 டிகிரி பெண்ட் இரண்டைச் சேர்த்துப் போடுங்கள். கிளை பிரிக்க டீ வேண்டாம், ஒய் போடுங்கள். காற்று கலெக்டரை நோக்கி ஓடும் திசையிலேயே கிளை சாய்ந்து சேர வேண்டும். எஸ்டபிள்யூஆர் ஃபிட்டிங்கில் மூடியோடு 'டோர்' பெண்ட், 'டோர்' ஒய் என்று கிடைக்கும். பிளேனர் பக்கத்து வளைவில் அதில் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். சீவல் அடைத்தால் மூடியைத் திருகி எடுத்துக் கையாலேயே அள்ளிவிடலாம். இன்னொன்று, பைப்பின் சாக்கெட் வாய் (அடுத்த பைப் நுழையும் அகலமான முனை) எப்போதும் மிஷின் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி வைத்தால் ஒவ்வொரு இணைப்பிலும் உள்விளிம்பில் சீவல் தட்டி நிற்கும்.

இணைப்புகளுக்கு சொல்யூஷன் தடவி ஒட்டாதீர்கள். பட்டறையில் மிஷினை இடம் மாற்றாமல் யாராலும் இருக்க முடியாது. ரப்பர் வளையம் வைத்த ரிங் ஃபிட் வகை போதும். இல்லாவிட்டால் ஒரு சின்ன ஸ்குரூ போட்டு மேலே அலுமினிய ஃபாயில் டேப் சுற்றுங்கள். ஸ்குரூ முனை உள்ளே நீட்டக்கூடாது, சீவல் அதில் சிக்கும். வளையும் ஹோஸ் மிஷினுக்கும் பைப்புக்கும் நடுவில் ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம். அதன் உள்மடிப்புகள் காற்றை நன்றாகத் தடுக்கும்.

என் ஷெட் 10 அடிக்கு 18 அடி. கலெக்டர் பின்சுவர் மூலையில் நிற்கிறது. அதிகச் சீவல் தள்ளுகிற பிளேனரை அதற்குப் பக்கத்திலும், டேபிள் சாவை நடுவிலும், பேண்ட்சாவைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கிளையிலும் ஒரு அடைப்பான் வேண்டும். 6 மிமீ பிளைவுட்டில் ஒரு சறுக்குப் பலகை செய்து நீங்களே போட்டுக்கொள்ளலாம். வீட்டுக்கு வாங்கும் கலெக்டரில் ஒரு நேரத்தில் ஒரு கிளையைத்தான் திறக்க வேண்டும். இரண்டைத் திறந்தால் இரண்டிலும் வேகம் போய்விடும்.

இனி மிஷின் மிஷினாக. டேபிள் சாவுக்குக் கீழே மட்டும் குழாய் கொடுத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. பிளேடின் பல் மேலிருந்து உங்களை நோக்கி இறங்குவதால் நல்ல அளவு தூள் மேஜைக்கு மேலேயே உங்கள் பக்கம் வீசப்படும். பிளேடை மூடும் காப்பில் (பிளேடு கார்டு) ஹோஸ் வாய் இருந்தால் அதற்குத் தனியாக வாக்குவம் மாட்டுங்கள். கீழே கேபினெட்டின் தேவையற்ற ஓட்டைகளை அட்டையும் டேப்பும் வைத்து மூடுங்கள், ஆனால் முழுக்க மூடிவிடாதீர்கள். காற்று உள்ளே வர வழி இருந்தால்தான் தூளை இழுத்துக்கொண்டு போகும். மோட்டாரின் காற்றோட்ட ஓட்டைகளையும் மூடக்கூடாது.

பேண்ட்சாவில் கீழ்ச் சக்கரப் பெட்டியில் கொடுத்திருக்கும் வாய் மட்டும் போதாது. பிளேடு மேஜையை விட்டு இறங்கும் இடத்துக்கு நேர் கீழே இன்னொரு வாய் வைத்தால் வித்தியாசம் அன்றே தெரியும். ரவுட்டர் டேபிளில், மரத்தை ஒட்டித் தள்ளும் வேலியின் (ஃபென்ஸ்) பின்னால் ஒன்று, கீழே பெட்டிக்குள் ஒன்று என இரண்டு வேண்டும். மைட்டர் சா (கோணத்தில் அறுக்கும் ரம்பம்) இருப்பதிலேயே கஷ்டமானது. பின்னால் பிளைவுட்டில் அகலமாக ஒரு கூண்டு கட்டி அதன் அடியிலிருந்து 100 மிமீ குழாய் எடுத்தால் கொஞ்சம் அடங்கும். முழுதாக அடங்காது.

சாண்டரின் வாயும் வாக்குவம் ஹோஸும் ஒன்றுக்கொன்று பொருந்துவது அபூர்வம். தனியாக அடாப்டர் தேடி அலைய வேண்டாம். சைக்கிள் டியூபில் ஒரு சாண் வெட்டி இரண்டு முனையிலும் மாட்டி ஹோஸ் கிளாம்ப் போடுங்கள். அதிர்வையும் அது தாங்கிக்கொள்ளும். வாக்குவத்துக்கு முன்னால் 20 லிட்டர் பெயிண்ட் வாளி மேல் ஒரு சைக்ளோன் (காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் கூம்பு) வைத்தால் தூளில் பெரும்பகுதி வாளியிலேயே விழும், ஃபில்டர் சீக்கிரம் அடைக்காது. வாளி கனமானதாக இருக்கட்டும். ஹோஸ் அடைத்தால் மெல்லிய வாளி உள்வாங்கி நசுங்கும்.

கலெக்டரோடு வரும் துணிப்பை பல நேரம் 30 மைக்ரான் வகை. சீவலைப் பிடித்துவைத்துக்கொண்டு நுண்தூளை ஷெட் முழுக்க ஊதும் பை அது. 1 மைக்ரான் பைக்கோ காட்ரிட்ஜ் ஃபில்டருக்கோ மாறிவிடுங்கள். நம் ஊரில் இன்னொரு வசதியும் உண்டு. அறையைச் சூடாக வைத்திருக்க வேண்டிய குளிர்நாடு இல்லை என்பதால் சைக்ளோனைத் தாண்டி வரும் காற்றை நேராக வெளியே தள்ளலாம். அப்படிச் செய்தால் ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். பக்கத்து வீட்டில் துணி காயப்போடும் பக்கமாக வாயைத் திருப்பாதீர்கள்.

கரண்ட் விஷயம். 2 எச்பி கலெக்டரும் டேபிள் சாவும் ஒரே பிளக் பாயிண்டில் ஓடக்கூடாது. இரண்டுக்கும் தனித்தனி 16 ஆம்ப் லைன், சி வகை எம்சிபி (லோடு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்), நல்ல எர்த். முதலில் கலெக்டரை ஓடவிட்டு, வேகம் பிடித்த பிறகு மிஷினைப் போடுங்கள். நிறுத்தும்போது கலெக்டர் கடைசி. பிவிசி பைப்பைத் தொட்டால் சுரீர் என்று அடிக்கிறதா? வெறும் செம்புக் கம்பியைப் பைப் மேல் சுற்றி எர்த்தில் சேர்த்தால் குறையும்.

கிரைண்டரையோ இரும்பு அறுக்கும் மிஷினையோ இந்த லைனில் ஒருபோதும் மாட்டாதீர்கள். ஒரு பொறி போதும், பைக்குள் கனன்று இரவில் தீப்பிடிக்கும். பழைய கதவு, உத்தரத் தேக்கு அறுக்கிறவர்கள் ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு அறுங்கள். காற்று கசியும் இடம் கண்டுபிடிக்கச் சிலர் ஊதுபத்தி காட்டுவார்கள், அதே காரணத்துக்காக அதுவும் வேண்டாம். தையல் நூல் ஒன்றை இணைப்பு அருகே பிடித்தால் கசிகிற இடத்தில் உள்ளே இழுபடும்.

எல்லாம் மாட்டின பிறகும் சாண்டர் வேலைக்கும் எம்டிஎஃப் வேலைக்கும் என்95 மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். மிஷினை நிறுத்தினதும் மாஸ்கைக் கழற்றாமல் கலெக்டரை இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். பையைத் தட்டிக் காலி செய்யும்போதும் மாஸ்க் இருக்கட்டும், அந்த வேலையை வெளியில் வைத்துச் செய்யுங்கள். சைக்ளோனுக்கு அடியில் தூள் விழும் டிரம் முக்கால் பங்கு நிரம்பும்போதே கொட்டிவிடுங்கள். அதற்கு மேல் போனால் சைக்ளோன் பிரிப்பதை நிறுத்திவிடும், தூள் முழுக்க ஃபில்டருக்குப் போய்விடும்.