தெருவோடு நின்றுவிடும் வெள்ளத் திட்டங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையின் தென் புறநகரில் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் குடியிருப்போர் நலச் சங்கங்கள் கூடி, மழைநீர் வடிகால் கேட்டு மனு எழுதுகின்றன. மனுவில் தெருவின் பெயர் இருக்கும். அந்தத் தெருவுக்குத் தண்ணீர் எந்த ஏரியிலிருந்து வருகிறது, எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது இருக்காது. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

ஆதம்பாக்கம் ஏரியின் உபரிநீர் வீராங்கால் ஓடை வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாக முட்டுக்காட்டில் கடலைச் சேர்கிறது. இவ்வழியில் ஓரிடம் அடைபட்டாலும், மேலே எவ்வளவு அகலமாக வடிகால் கட்டினாலும் தண்ணீர் நகராது. ஆகவே வார்டு எல்லையையே திட்டத்தின் எல்லையாகக் கொள்ளக் கூடாது. செல்பேசி வரைபடத்தை மட்டும் நம்பாமல், வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தில் ஓடை, வாய்க்கால் என்று பதிவான புல எண்களைத் தேடி, அவ்வழியே நடந்து பார்க்க வேண்டும். சில இடங்களில் அந்த வாய்க்கால் மீதுதான் நம் தெருவே இருக்கும்.

எல்லாப் பழியையும் ஒரே நீர்த்தேக்கத்தின் மீது போடுவதும் திட்டத்தைத் திசைதிருப்பிவிடும். 2015 டிசம்பர் வெள்ளம் என்றாலே செம்பரம்பாக்கம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதன் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் ஆற்றின் போக்கில் அந்த இடத்துக்கு மேலே உள்ளவை. அங்கே வீடுகளைச் சூழ்ந்த தண்ணீர் ஆதனூர், மணிமங்கலம் போன்ற ஏரிகளின் பக்கமிருந்து வந்தது. அப்பகுதியினர் கவனிக்க வேண்டியது அந்த ஏரிகள் நிரம்பியதும் உபரிநீர் வழியும் கலங்கல்களையும், அதைக் கொண்டுசெல்லும் போக்குக் கால்வாய்களையும்தான்.

வடிகால் கட்டியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவது மிகவும் செலவு வைக்கும் தவறு. நிரம்பிய ஏரியின் நீர்மட்டத்துக்குக் கீழே வடிகாலில் தண்ணீர் வெளியேறும் கடைவாய் அமைந்துவிட்டால், அடைமழையில் அது ஏரித் தண்ணீரைத் தெருவுக்குள் கொண்டுவரும். கட்டுவதற்கு முன்பே கலங்கலின் மேல்மட்டத்தையும் வடிகாலின் அடிமட்டத்தையும் பொறியாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். குறுகிய தூரமென்றால், கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயான டியூப் லெவலே உண்மையைச் சொல்லிவிடும். வீடுகளில் தண்ணீர் புகும் இரவில் கலங்கலை உடைக்கச் சொல்லும் குரல்கள் எழுவது இயல்பே என்றாலும், உடைத்தால் கீழேயுள்ள குடியிருப்பு மூழ்கும், கோடையில் ஏரியும் வறண்டுவிடும்.

உறிஞ்சு குழிகளை வெள்ளத் தடுப்பாக எண்ணுவோரும் உண்டு. ஒரு ஹெக்டேரில் 10 செ.மீ. மழை பெய்தால் 10 லட்சம் லிட்டர் தண்ணீர் சேரும். சதுப்பு நிலத்தை ஒட்டிய களிமண்ணில், நவம்பரில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும்போது, அந்தக் குழிகள் எதை உறிஞ்சும்? நிலத்தடி நீரைப் பெருக்க அவை நல்லவை, அவ்வளவுதான்.

பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட விடுவதும் வீடுகளைப் பள்ளத்தில் தள்ளுகிறது. சுரண்டிய பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவுறுத்தியிருப்பதால், சங்கங்கள் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம்.

தூர்வாரும் வேலை செப்டம்பருக்குள் முடிய வேண்டும். அள்ளிய சேற்றை வடிகால் ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனால், முதல் மழை அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். சேற்றை அகற்றிய பிறகே வேலை முடிந்ததாகச் சங்கம் ஒப்புக்கொள்ள வேண்டும்.