பள்ளி என்றாலே பதறும் பிள்ளைக்குப் படிப்படியாக ஒரு பயிற்சி

காலையில் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுக்கும் பிள்ளை, விடுமுறை நாளில் நன்றாக ஓடியாடுகிறதா? நடிப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பதற்றம் வயிற்றைப் பிசையும், தலையை வலிக்க வைக்கும். அந்த வலி உண்மையானது. இருந்தாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டி, வேறு நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

"சரி, இன்னிக்குப் போக வேண்டாம்" என்றதும் பிள்ளைக்கு நிம்மதி வரும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மனம் கற்றுக்கொள்கிறது. மறுநாள் பயம் இன்னும் கூடுகிறது. அடித்து இழுத்துப் போனாலும் பயன் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது.

1. எது பயமுறுத்துகிறது என்று கண்டுபிடியுங்கள்

"ஏன் போக மாட்டேங்கிற?" என்று கேட்டால் "தெரியல" என்றுதான் பதில் வரும். சாயங்காலம், சேர்ந்து நடக்கும்போதோ வேலை செய்யும்போதோ, பள்ளி நாளைத் துண்டு துண்டாக ஓட்டிப் பாருங்கள்: வாசல், வகுப்புக்குள் நுழைவது, இடைவேளை, கழிப்பறை, சத்தமாக வாசிப்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை பிள்ளையே பயமதிப்பெண் போடட்டும். நீங்கள் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

யாராவது அடிக்கிறார்கள், கேலி செய்து வதைக்கிறார்கள் என்று தெரிந்தால் இந்தப் பயிற்சியை அங்கேயே நிறுத்துங்கள். அதைப் பள்ளி முதலில் சரிசெய்ய வேண்டும். நிஜமான ஆபத்தைப் பழகிக்கொள்ளச் சொல்வது அநியாயம். எழுத்துக் கூட்டி வாசிக்கவே திணறும் பிள்ளைக்கும் முதலில் படிப்பில்தான் உதவி தேவை.

2. பயத்தைப் படிகளாகப் பிரியுங்கள்

1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டால் அலறிய பீட்டர் என்ற குழந்தையைப் பற்றி எழுதினார். குழந்தை பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டில் இருந்த முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார்கள். கடைசியில் பீட்டர் அதைத் தொட்டு விளையாடினான். நாமும் செய்யப்போவது அதைத்தான்.

சில வாரங்களாகப் பள்ளிக்குப் போகாத பிள்ளைக்குப் படிகள் இப்படி அமையலாம்:

- பையை அடுக்கி, பள்ளி நேரத்துக்கே எழுந்து கிளம்புவது
- ஆளில்லாத மாலையில் பள்ளி வாசல்வரை போய்வருவது
- காலையில் நூலகத்தில் ஒரு பாடவேளை உட்கார்வது
- பிடித்த ஆசிரியரின் வகுப்பில், கதவருகே உட்கார்வது
- அரை நாள், பிறகு முழு நாள்
- வகுப்பில் ஒரே ஒரு வரி சத்தமாக வாசிப்பது

மதிப்பெண் 3 அல்லது 4 உள்ள படியில் தொடங்குங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது திரும்பி வந்துவிடாமல், கொஞ்சம் தணியும்வரை அங்கேயே இருப்பது முக்கியம். அதே படியைச் சலிக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யலாம். ஒரு படி பெரிதாகத் தெரிந்தால் அதை இரண்டாக உடையுங்கள், கைவிடாதீர்கள். அவசரப்படும் பெற்றோரைவிடப் பொறுமையாக ஒரே படியில் நிற்கும் பெற்றோருக்கே இது கைகூடும் என்பது என் கருத்து.

3. கைவசம் சில திறமைகள்

நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுவது. இதை அமைதியான நேரத்தில் பழகியிருந்தால்தான் பதறும்போது கைகொடுக்கும்.

"இவ்வளவு நாள் எங்க போன?" என்ற கேள்விக்குப் பல பிள்ளைகள் பாடத்தைவிட அதிகம் பயப்படுகிறார்கள். பதிலைத் தயார் செய்யுங்கள்: "கொஞ்சம் முடியாம இருந்தேன், இப்பப் பரவால்ல. என்ன பாடம் நடந்துச்சு?" நீங்கள் நண்பராக நடித்து, நாக்குக்குப் பழகும்வரை சொல்ல வையுங்கள். ஆசிரியரிடம் "புரியல, இன்னொரு தடவ சொல்றீங்களா?" என்று கேட்பதையும் அப்படியே.

4. நீங்கள் சொல்ல வேண்டியது

"பயப்பட ஒண்ணுமே இல்ல" என்றால் பிள்ளை தனியாகிவிடும். "உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. உன்னால முடியும்னும் நம்புறேன்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். காலையில் பேரம் பேசாதீர்கள். அன்றைய படி என்ன என்பது முந்தைய இரவே முடிவாகியிருக்கட்டும்.

5. பள்ளியோடு ஒப்பந்தம்

வாசலில் வரவேற்க ஒரே ஒரு ஆசிரியர் போதும். தாங்க முடியாதபோது போய் உட்கார ஓர் இடமும், பத்து நிமிடத்தில் வகுப்புக்குத் திரும்பும் ஏற்பாடும் கேளுங்கள். வீட்டில் தங்கும் நாளில் பள்ளி நேரம் முழுக்க செல்போன், டிவி வேண்டாம், பாடம் இருக்கட்டும்.

காய்ச்சலுக்குப் பிறகும் நீண்ட விடுமுறைக்குப் பிறகும் பயம் திரும்ப எட்டிப்பார்க்கும். ஒரு படி கீழே இறங்கித் தொடங்குங்கள். வாரக்கணக்கில் அசைவே இல்லை, தூக்கமும் சாப்பாடும் கெடுகிறது என்றால் மனநல நிபுணரைப் பாருங்கள். சாவதைப் பற்றிப் பேசினாலோ தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ அன்றே போங்கள், தனியாக விடாதீர்கள். போகும்போது அந்த மதிப்பெண் தாளையும் எடுத்துப் போங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று அவர்களுக்கு உடனே புரியும்.