சிங்கக் கூண்டு வேலைக்குப் போகிறவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

போன வாரம் அக்கா மகன் பெரியபட்டினத்திலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். வளைகுடாவில் மஸ்ரா, அதாவது பண்ணைத் தோட்டத்து வேலை, ஆடும் ஒட்டகமும் பார்க்க வேண்டும், அதோடு "ரெண்டு சிங்கக் குட்டி இருக்காம் மாமா, பால் பாட்டில் கொடுத்தா போதுமாம், அதுக்குத் தனியா 300 திர்ஹம் தர்றாங்களாம்" என்று சந்தோஷமாகச் சொன்னான். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. நானும் 2009-லிருந்து 2015 வரை அப்படி ஒரு மஸ்ராவில் இருந்தவன். ஆடு மேய்க்கத்தான் போனேன், இரண்டாவது வருடமே முதலாளி வாங்கி வந்த இரண்டு சிங்கம், ஒரு சிவிங்கிப்புலி, ஒரு கழுதைப்புலி எல்லாவற்றுக்கும் தீனி வைக்கும் ஆள் ஆகிவிட்டேன். யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி, தேவிபட்டினம் பக்கத்திலிருந்து இன்னும் பையன்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு "குட்டிதானே" என்று நினைப்பது. பாட்டில் பால் குடித்து வளர்ந்த சிங்கம் நம்மைக் கடிக்காது என்று முதலாளியும் சொல்வார், ஏஜென்ட்டும் சொல்வார், ஆறு மாதம் வரை நமக்கும் அப்படித்தான் தோன்றும். காட்டில் பிறந்த சிங்கத்துக்கு மனிதன் மேல் ஒரு பயம் இருக்கிறது, மனித வாடை அடித்தால் பெரும்பாலும் விலகிப் போகும். நாம் தூக்கி வளர்த்த சிங்கத்துக்கு அந்தப் பயம் போய்விடுகிறது, வேட்டைக் குணம் மட்டும் அப்படியே இருக்கிறது. இரண்டு மூன்று வயதில் பருவத்துக்கு வரும்போது தீனித் தட்டு தன்னுடையது, கூண்டு தன்னுடையது என்று நினைக்கத் தொடங்கும். அப்போது ஆண் சிங்கம் 150 கிலோவுக்கு மேல் இருக்கும். லாஸ் வேகாஸ் மேடையில் ராய் ஹார்ன் என்ற வித்தைக்காரரை 2003 அக்டோபரில் கழுத்தில் கவ்வி இழுத்துப் போனது, அவரே குட்டியிலிருந்து வளர்த்து வருடக்கணக்கில் மேடையேற்றிய புலிதான். அவர் உயிர் பிழைத்தார், ஆனால் மறுபடி பழைய மாதிரி நடக்க முடியவில்லை.

எனக்கு நடந்தது சின்னது. நான் பால் கொடுத்து வளர்த்த சிங்கம் அது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கம்பி ஓரம் வந்து உரசும். ஒரு நாள் வெளியே நின்று கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தேன், தண்ணீர்க் குழாய் கைநழுவி விழுந்தது, முதுகைக் காட்டிக் குனிந்தேன். திரும்புவதற்குள் கம்பி அதிர்ந்த சத்தம் கேட்டது. நடுவில் கம்பி மட்டும் இல்லையென்றால் இதை எழுத நான் இருக்க மாட்டேன். முதுகு காட்டுவது, குனிவது, ஓடுவது, தடுக்கி விழுவது எல்லாமே அதற்கு ஒரே செய்திதான், இது இரை என்று. கோபம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சின்னப் பிள்ளைகளைப் பார்த்தால் அதன் கண் போகும் விதமே வேறு, ஆகவே முதலாளி வீட்டுப் பிள்ளைகள் கூண்டுப் பக்கம் வந்தால் அன்றைக்கு எந்தக் கதவையும் திறக்காதீர்கள்.

அப்புறம் கதவு. நிறைய விபத்து கதவில்தான் நடக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒற்றைக் கதவு வைத்த கூண்டுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள். முறையான கூண்டில் வெளிக் கதவு, அதைத் தாண்டி ஒரு சின்ன இடைவெளி, பிறகு உள் கதவு என்று இருக்கும், ஒன்று பூட்டியிருந்தால்தான் மற்றதைத் திறக்கலாம். அது போக விலங்கை ஒதுக்கிப் பூட்டத் தனி அறை வேண்டும். அந்த அறையின் இழுவைக் கதவு வெளியிலிருந்து இயங்க வேண்டும். கழுவப் போகும் முன் விலங்குகளைக் கண்ணால் எண்ண வேண்டும். "உள்ளேதான் இருக்கும்" என்று நினைப்பது எண்ணுவதாகாது, நேற்று அடைத்தேன் என்பதும் எண்ணுவதாகாது. இரண்டு சிங்கம் என்றால் இரண்டு தலையையும் பார்க்க வேண்டும், பிறகு தாழ்ப்பாள், பிறகு பூட்டு, பூட்டை இழுத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த கதவு. அதையும் தனியாகச் செய்யக் கூடாது. நம் ஊரில் கடலுக்குத் தனியாக வள்ளம் எடுத்துப் போகிறவனைப் பெரியவர்கள் திட்டுவார்களே, அதே காரணம்தான்: ஏதாவது ஆனால் சத்தம் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். சாவி ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும், கூண்டு ஆணியில் தொங்கக் கூடாது.

இன்னொன்று, நம் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். கச்சான் காற்றுக் காலத்தில் வீட்டு ஜன்னல் கம்பி எப்படி உதிர்கிறது என்று பார்த்திருக்கிறோம். கடலோர மஸ்ராவிலும் அதே கதைதான். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே கீல் அரித்துப் போயிருக்கும். வாரம் ஒரு முறை சுத்தியலால் ஒவ்வொரு கீலையும் கொண்டியையும் வெல்டிங் விட்ட இடத்தையும் தட்டிப் பாருங்கள், மணல் அரித்து அடியில் குழி விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தியாவில் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் விதிப்படி ஒரு ஜோடி சிங்கத்துக்கு வெளி அடைப்பு மட்டும் குறைந்தது 1000 சதுர மீட்டர் இருக்க வேண்டும், அது கால் ஏக்கர். நான் வேலை பார்த்த இடத்தில் இரண்டு சிங்கத்துக்கும் சேர்த்து ஒரு கார் ஷெட் அளவு இடம்தான் இருந்தது. இடம் இல்லாத விலங்கு நாள் முழுக்க ஒரே கோட்டில் முன்னும் பின்னும் நடக்கும். அதைப் பார்த்து "எவ்வளவு சுறுசுறுப்பு" என்று விருந்தாளிகள் சொல்வார்கள். அது மன உளைச்சல், அந்த நிலையில் இருக்கும் விலங்கு எப்போது என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கதவு விஷயத்தில் கடைசியாக ஒன்று. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலம் சேன்ஸ்வில்லில் 2011 அக்டோபரில் ஒருவர் தன் பண்ணையில் வளர்த்த 56 விலங்குகளில் பெரும்பாலானவற்றைத் திறந்துவிட்டுத் தன்னைச் சுட்டுக்கொண்டார். இருட்டும் நேரம், பக்கத்தில் வீடுகள், போலீஸுக்கு வேறு வழியில்லை. 18 புலி, 17 சிங்கம் உட்பட 48 விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகுதான் 2012-ல் ஓஹியோ தனிச் சட்டம் போட்டது. அமெரிக்கா முழுக்கத் தனியார் சிங்கம், புலி வளர்ப்பதற்கும் குட்டிகளைத் தடவிப் படமெடுக்கவிட்டுக் காசு பார்ப்பதற்கும் தடை வர 2022 டிசம்பர் ஆனது.

தீனி. மஸ்ராவில் எளிதாகக் கிடைப்பது கோழி, அதனால் எலும்பில்லாத கோழிக்கறியையே தினமும் போடுவார்கள். வெறும் கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் கொஞ்சம். வளரும் குட்டியின் உடம்பு தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும், கால் வளைந்து, ஒரு திண்ணை உயரத்திலிருந்து குதித்தால் கூட முறியும். ஈரலே கிடைக்காமல் வளரும் குட்டிக்கு வைட்டமின் ஏ குறைந்து மண்டையோடு தடித்து மூளையை நெருக்கும், தலை ஒரு பக்கம் சாயும், தள்ளாடி நடக்கும். எங்கள் மஸ்ராவில் ஒரு பெண் குட்டி அப்படித்தான் பின்னங்கால் இழுத்து இழுத்து நடந்து ஒன்பதாம் மாதம் செத்தது, சூனியம் வைத்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டோம். எலும்போடு கறி, வாரத்தில் ஓரிரு நாள் கொஞ்சம் ஈரல், என்ன அளவு என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். வளர்ந்த விலங்குக்கு வாரம் ஒரு நாள் தீனி நிறுத்துவது நம் நாட்டுப் பூங்காக்களில் வழக்கம், அதைப் பார்த்துப் பாவப்பட்டு இரகசியமாக ஏதாவது போடாதீர்கள். குட்டிக்கு அந்தப் பட்டினி கிடையாது.

செத்த கோழியை மலிவாக வாங்கிப் போடுவது அதைவிட மோசம். தாய்லாந்தில் ஸ்ரீராச்சா புலிப் பூங்காவில் 2004-ல் பறவைக் காய்ச்சல் வந்த கோழியைப் பச்சையாகப் போட்டதில், இருந்த 441 புலிகளில் 147 நோயிலும் கருணைக் கொலையிலுமாகப் போயின. நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் 2024 டிசம்பரிலும் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் அதே காய்ச்சலில் இறந்தன.

கூண்டுப் பக்கம் நாய்களை விடுவதும் பலர் கவனிக்காத தவறு. நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் சிங்கத்தையும் பிடிக்கும். 1994-ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள், ஏறத்தாழ 1000, இதில் செத்தன. நம் கிர் காட்டில் 2018 செப்டம்பர், அக்டோபரில் தல்கானியா பகுதியில் 23 சிங்கங்கள் இறந்தபோதும் அந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்காக நாய்க்குப் போடும் சாதாரணத் தடுப்பூசியைச் சிங்கத்துக்கும் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எந்த ஊசி என்பதை வனவிலங்கு மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நம்மிடமிருந்தும் அதற்கு நோய் போகும். 2021 ஜூனில் வண்டலூர் பூங்காவில் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றி நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது பலருக்கு நினைவிருக்கும். சளி, காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்லுங்கள்.

மருந்து பற்றிச் சுருக்கமாக: நம் பெட்டியில் இருக்கும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம், சிங்கமும் பூனைக் குடும்பம்தான், கொடுக்காதீர்கள். மயக்க ஊசி போட்டுப் படுத்திருக்கும் விலங்கு திடீரென்று எழுந்துவிடும், மருத்துவர் சைகை காட்டும் வரை பக்கத்தில் போகாதீர்கள். நகம் கீறினால் சின்னக் கீறல் என்று மஞ்சள் பூசி விடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன விலங்கு என்று உண்மையைச் சொல்லுங்கள், முதலாளி கோபிப்பார் என்று நாய் கீறியது என்று மாற்றிச் சொல்லாதீர்கள்.

இப்போது சட்டம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2016-ன் 22-ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம் வந்த பிறகு தனியார் வீட்டிலோ தோட்டத்திலோ இந்த மாதிரி விலங்கை வைத்திருக்க முடியாது. பூங்கா, சர்க்கஸ், இனப்பெருக்க நிலையம், ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களுக்குத்தான் அனுமதி. சங்கிலி போட்டு வெளியே கூட்டிப் போனால் 10,000 முதல் 500,000 திர்ஹம் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. முதலாளி கடற்கரையில் படம் எடுக்கச் சங்கிலியை நம் கையில் கொடுத்தால், வீடியோவில் தெரிவது நம் முகம். சிங்கத்தோடு நின்று ஸ்டேட்டஸ் போடும் பையன்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஊரில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. நம் பக்கத்தில் குருவியாகப் போய் வருகிறவர்கள் உண்டு, டிக்கெட்டும் கொஞ்சம் காசும் கிடைக்கும், யாரோ கொடுக்கும் பையைத் தூக்கி வர வேண்டும். 2019 பிப்ரவரியில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையம் வந்த ஒரு பயணியின் பெட்டிக்குள் ஒரு மாதச் சிறுத்தைக் குட்டி இருந்தது. பையில் என்ன என்று திறந்து பார்க்காமல் தூக்கினால் வழக்கு நம் மேல்தான் வரும். கடல் அட்டையை 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகு நம் கரையில் எத்தனை பேர் வனத்துறை வழக்கில் அலைந்தார்கள் என்று தெரியும்தானே, ஆசியச் சிங்கமும் புலியும் சிறுத்தையும் அதே முதல் அட்டவணையில்தான் இருக்கின்றன. 2022-ல் அந்தச் சட்டத்தைத் திருத்திய பிறகு முதல் அட்டவணை விலங்கு தொடர்பான குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு வருடம் சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். வெளிநாட்டு இனம்தானே என்று தப்பிக்கவும் முடியாது, அவற்றுக்கு நான்காம் அட்டவணை என்று புதிதாக வந்திருக்கிறது. திருவிழாவுக்குச் சிங்கம் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்ட 1998-லேயே மத்திய அரசு தடை போட்டது, 2001-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நாம் சின்ன வயதில் பார்த்த சர்க்கஸ் சிங்கங்கள் பல வண்டலூர் மாதிரி மறுவாழ்வு மையங்களில்தான் கடைசிக் காலத்தைக் கழித்தன.

பூங்காவுக்குப் பிள்ளைகளோடு போகும்போதும் தடுப்பின் மேல் உட்கார வைத்துப் படம் எடுக்காதீர்கள். டெல்லியில் 2014-ல் வெள்ளைப் புலியின் பள்ளத்தில் ஒரு இளைஞர் விழுந்தபோது மேலே நின்றவர்கள் கத்தினார்கள், கல் எறிந்தார்கள். அந்த நேரத்தில் கூட்டத்தை அமைதியாகப் பின்னுக்கு நகர்த்திவிட்டுக் காப்பாளரைக் கூப்பிட வேண்டும். திருப்பதியில் 2024 பிப்ரவரியில் ஒருவர் தானே தடுப்பைத் தாண்டிக் குதித்தார், காப்பாளர் ஓடி வருவதற்குள் சிங்கம் கொன்றுவிட்டது.

மருமகனிடம் மூன்று கேள்வி எழுதிக் கொடுத்து ஏஜென்ட்டிடம் கேட்கச் சொன்னேன். அந்த இடத்துக்கு அரசு லைசென்ஸ் இருக்கிறதா, கூண்டுக்கு இரட்டைக் கதவு இருக்கிறதா, விசாவில் என்ன வேலை என்று எழுதுவார்கள். முதல் இரண்டுக்கும் "அங்க போய்ப் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தது, மூன்றாவதற்கு "வீட்டு டிரைவர்" என்று வந்தது. இவனுக்கு சைக்கிள் மட்டும்தான் ஓட்டத் தெரியும். பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், நாளைக் காலையில் அக்காவும் கூடப் போகிறாள்.