கோபுரத்துக்கு முன்னால் ஓர் அரை மணி நேரம்

பாரிஸுக்கு வரும் சொந்தக்காரர்களை ஈஃபிள் கோபுரத்துக்குக் கூட்டிப் போவது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. ஆறாம் எண் மெட்ரோவில் பீர் ஹக்கெய்ம் நிலையத்தில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாகக் கோபுரத்தைப் பார்த்து நடப்போம். கூட்டம் போகாத பக்கம் சில நிமிடம் நடந்தால், 4,115 குழந்தைகளின் பெயர் எழுதிய சுவர் ஒன்று இருக்கிறது. பல வருஷம் எனக்கே அது தெரியாது. இப்போது யார் வந்தாலும் முதலில் அங்கேதான்.

முதலில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒருமுறை கோபுரம் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் போனோம். எல்லோருக்கும் கால்வலி, பசி. கையில் இருந்த பையில் இரண்டு டஜன் சாவிக்கொத்துக் கோபுரங்கள் கலகலவென்று சத்தம் போட்டன. ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். அதிலிருந்து காலையில், கைவீசிக்கொண்டுதான் கூட்டிப் போகிறேன்.

என்ன நடந்த இடம் என்பதை ரயிலிலேயே சொல்லிவிடுங்கள், அங்கே நின்று பாடம் நடத்த வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் பாரிஸ் ஹிட்லரின் ஜெர்மனி பிடியில் இருந்த சமயம். 1942 ஜூலை 16, 17 இரண்டு நாளும் பாரிஸிலும் சுற்றுவட்டாரத்திலும் 13,152 யூதர்களைப் பிடித்தார்கள். குடும்பம் குடும்பமாகப் பிடிபட்ட எட்டாயிரம் பேரை, இங்கே இருந்த வெல் தீவ் என்னும் சைக்கிள் பந்தய உள்ளரங்கில் அடைத்தார்கள். ஜூலை வெயில். விமானத் தாக்குதலுக்குப் பயந்து கண்ணாடிக் கூரைக்கு நீலச்சாயம் பூசியிருந்ததால் உள்ளே இருட்டு. குடிநீரும் கழிப்பறையும் போதவில்லை. சில நாள் கழித்துப் பித்திவியே, போன் லா ரோலாந்து முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தாய்களைப் பிரித்து முதலில் நாடு கடத்தினார்கள். குழந்தைகள் பிறகு திரான்சி முகாம் வழியாக, நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் பிரான்சிலேயே பிறந்தவர்கள்.

இதைச் சொன்னபோது என் அத்தை கேட்ட முதல் கேள்வி: "பிடிச்சது ஜெர்மன்காரங்கதானே?"

"இல்ல அத்தை. உத்தரவு அவங்களுது. வீடு வீடாப் போய்ப் பிடிச்சது இந்த ஊர் போலீஸ்."

கேள்வி கட்டாயம் வரும், பதிலைத் தயாராக வைத்திருங்கள். இன்னொன்று, வருவதற்கு முன் இணையத்தில் படம் தேடுகிறவர்கள் ஏமாற வேண்டாம். அரங்குக்குள் கூட்டமாக இருக்கும் படம் ஒன்று வெகுகாலம் இந்தச் சம்பவத்தின் படமாகவே சுற்றியது. உண்மையில் அது 1944இல், பாரிஸ் விடுதலைக்குப் பிறகு, ஜெர்மானியருக்கு ஒத்துழைத்தவர்கள் என்று பிடித்து அடைக்கப்பட்டவர்களின் படம். 1942இல் எடுத்ததாகத் தெரியவந்தது, அரங்குக்கு வெளியே வரிசையாக நிற்கும் பேருந்துகளின் படம்தான்.

சரி, வழி. நிலையத்தை விட்டு இறங்கியதும் புல்வார் து குரனெல் சாலையில், 8ஆம் எண்ணுக்குப் பக்கத்தில் நினைவுப் பலகை இருக்கிறது. தலைக்கு மேலே பாலத்தில் மெட்ரோ ஓடிக்கொண்டே இருக்கும், பேசினால் காதில் விழாது. பலகையைப் படித்துவிட்டு ரூ நெலத்தோன் தெருவுக்குள் திரும்புங்கள். அரங்கை 1959இல் இடித்துவிட்டார்கள், அதன் செங்கல் ஒன்றுகூடக் கண்ணில் படாது. 7ஆம் எண்ணில் இருக்கிறது அந்தச் சுவர் நிற்கும் நினைவுத் தோட்டம். 2017 ஜூலையில் திறந்தது. வரலாற்றாய்வாளர் செர்ஜ் கிளார்ஸ்ஃபெல்ட் பல்லாண்டு உழைத்துத் திரட்டிய குழந்தைகளின் பட்டியல்தான் சுவருக்கு அடிப்படை. அவருடைய அப்பாவும் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டவர்.

தோட்டம் என்றதும் புல்வெளி, வாத்து, குளம் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். குடியிருப்புகளுக்கு நடுவே சின்னதாக ஒதுங்கிய இடம், கொஞ்சம் செடி, அந்தச் சுவர், அவ்வளவுதான். கட்டணம் கிடையாது. பகலில் போங்கள்.

சுவரைத் தூரத்தில் நின்று பார்த்தால் வெறும் எழுத்துத்தான். கிட்டே போங்கள். ஏதாவது ஓர் இடத்தில் நின்று, குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு கீழே வாருங்கள். ஒரே குடும்பப் பெயர் இரண்டு முறை, மூன்று முறை, சில இடத்தில் அதற்கும் மேல். அண்ணன், தங்கை, தம்பி என்று நமக்கே புரிந்துவிடும். எல்லாப் பெயரையும் படிக்க முடியாது, முயலவும் வேண்டாம். ஒரே ஒரு குடும்பத்தை மெதுவாக, வாய்விட்டுப் படித்தால் போதும். உச்சரிப்பு தப்பினால் தப்பட்டும்.

படம் எடுப்பதானால் சுவரை எடுங்கள், முன்னால் நின்று சிரித்து செல்ஃபி எடுக்காதீர்கள். பூ கொண்டுபோக வேண்டிய அவசியம் இல்லை. இறந்தவர்களுக்குச் சின்னக் கூழாங்கல் வைப்பது யூதர் வழக்கம். யாராவது வைத்த கல்லைப் பார்த்தால், கூட வரும் பிள்ளைகள் அதை எடுத்து விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போகலாம் என்று கேட்பார்கள். எண்களைக் கூட்டத் தெரிந்த பிள்ளைக்கு இந்தச் சுவரும் புரியும், அதற்குள் தயார்ப்படுத்துவது நம் வேலை.

கால் ஒத்துழைத்தால் அப்புறம் ஆற்றங்கரைக்கு நடங்கள். கே து குரனெல் கரையில் 1994இல் திறந்த சிலைத்தொகுதி இருக்கிறது. செய்தவர் வால்டர் ஸ்பிட்சர், அவரும் முகாமிலிருந்து உயிர் தப்பியவர். பந்தயத் தடத்தின் வளைவைப் போலவே சரிந்த மேடையில் கர்ப்பிணி, குழந்தைகள், முதியவர்கள். 1995 ஜூலை 16 அன்று, இந்தக் குற்றத்தில் பிரெஞ்சு அரசுக்கும் பங்குண்டு என்று ஜனாதிபதி ஷிராக் ஒப்புக்கொண்டது இங்கேதான். நடந்து 53 வருஷம் கழித்து. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை நடுவில் நினைவுநாள் சடங்கு நடக்கும். அமைதியாகப் பார்க்க நினைப்பவர்கள் அந்த நாளைத் தவிர்க்கலாம்.

அத்தைக்கு பிரெஞ்சு எழுத்து தெரியாது. சுவரில் பெயரோடு வயதும் இருப்பதை அவர்தான் முதலில் கவனித்தார், எனக்கு முன்னால். எண்ணைப் படிக்க மொழி வேண்டாமே. விரலை வைத்து, "ஏழு... நாலு... ஒம்போது..." என்று போய்க்கொண்டே இருந்தார். அன்றைக்குக் கோபுரத்துக்குப் பதினோரு மணிக்குப் போக வேண்டியவர்கள் மதியம்தான் போனோம்.