வட்டக் குரோஷா பூக்களைத் தைக்காமலே இணைக்கலாம்

விரிப்புக்கான எல்லா வட்டப் பூக்களையும் முழுசாகப் போட்டு முடித்து, அப்புறம் உட்கார்ந்து தைக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் கடைசிச் சுற்றை மட்டும் நிறுத்தி வைத்து, அதைப் போடும்போதே பக்கத்துப் பூவோடு சேர்த்துவிடுங்கள். முதல் பூவுக்கு மட்டும் கடைசிச் சுற்று முழுசாக வரும்: 5 செயின் (சங்கிலிக் கண்ணி) கொண்ட 12 வளைவுகள் என்று வையுங்கள். அடுத்த பூவில், சேர வேண்டிய இடத்தில் 2 செயின் போட்டு, ஊசியை முதல் பூவின் வளைவுக்குள் விட்டு ஒரு ஸ்லிப் ஸ்டிட்ச் (நூலை இழுத்து இணைக்கும் உயரமில்லாத கண்ணி), மறுபடி 2 செயின். பக்கத்துக்கு 2 வளைவு சேர்த்து, மூலைக்கு 1 விட்டால் நாலு பக்கமும் கணக்காக அமையும்.

நடுச் செயினின் இடத்தை ஸ்லிப் ஸ்டிட்ச் எடுத்துக்கொள்வதால் வளைவு சுருங்காது, விரிப்பும் இழுக்காது. தைக்கத் தனி நூல் கிடையாது, அதனால் ஒளித்து வைக்க வேண்டிய நுனிகளும் குறைவு, எனக்கு இதுதான் பெரிய நிம்மதி.

கடைசிச் சுற்றுக்கு ஒரே நிறம் என்றால் பெங்களூரு சிக்பேட்டைக் கடைவீதிக்குப் போகும்போதே மொத்த நூலையும் வாங்கிவிடுங்கள், லேபிளில் சாய லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கான எண்) ஒன்றாக இருக்கிறதா பார்த்து. லாட் மாறினால் நிறம் லேசாக வேறுபட்டு விரிப்பில் பளிச்சென்று தெரியும்.

ஓரத்தில் வளைவே இல்லாத கெட்டி வட்டங்களுக்கு இது சரிப்படாது. பூக்களின் இடத்தைக் கடைசியில் மாற்றிப் பார்ப்பவர்களுக்கும் தைப்பதுதான் வசதி, ஏனென்றால் நடுவில் உள்ள ஒன்றை எடுக்க நாலு பக்கமும் பிரிக்க வேண்டிவரும்.