கிளிக் செய்யும் நொடியில் முகவரி மாறுகிறதா? நீங்களே சோதித்துப் பாருங்கள்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் வார இறுதிகளில் மூத்தோருக்குக் கணினியும் கைப்பேசியும் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே நான் அதிகம் சொல்வது, "அழுத்துவதற்கு முன்னால் முகவரியைப் படியுங்கள்" என்பதுதான். வங்கிகள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் எஸ்எம்எஸ்ஸிலும் மின்னஞ்சலிலும் இணைப்புகள் இருக்கக்கூடாது என்று 2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் அறிவித்த பிறகு, இந்தப் பழக்கம் எங்கள் வகுப்பில் நன்றாகவே ஊறிவிட்டது. எழுபது வயது ஆன்டிகள் முகவரியை வாய்விட்டு எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் தொடுகிறார்கள்.

அப்படிப் படித்துவிட்டு அழுத்திய ஒருவர்தான் என்னிடம் கேட்டார்: "தம்பி, கல்சட்டி விற்கிற கடைப் பேரைப் பார்த்துத்தானே அழுத்தினேன்? நடுவிலே வேறு ஏதோ பேர் வந்துட்டுப் போச்சே?" சமையல் குறிப்புத் தளம் ஒன்றில் இருந்த இணைப்பு அது. கடைசியில் சரியான கடைக்குத்தான் போனது. ஆனால் அவர் கண்ணில் பட்டது பிழையில்லை. நடுவில் இன்னொரு நிறுவனத்தின் சர்வர் வழியாகத்தான் போனது.

நடப்பது இதுதான். பக்கம் திறக்கும்போது இணைப்பில் உண்மையான முகவரிதான் இருக்கும். மவுஸைக் கொண்டுபோனால் திரையின் கீழ் மூலையில் அதுவே தெரியும். ஆனால் பக்கத்தோடு சேர்ந்து வந்த ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி நிரல், நீங்கள் மவுஸ் பொத்தானை அழுத்தும் தருணத்துக்காகக் காத்திருக்கிறது. அழுத்தியதும் இணைப்பின் முகவரியை எடுத்துவிட்டு, தன் சர்வரின் முகவரியை வைக்கிறது. நீங்கள் போக வேண்டிய இடம் அந்தப் புது முகவரியின் வாலில் ஒட்டப்படுகிறது. சர்வர் உங்களைக் குறித்துக்கொள்கிறது, உங்களை மறுபடி அடையாளம் காண ஒரு குக்கியையும் (பிரவுசரில் தங்கும் சிறு குறிப்பு) வைக்கலாம், பிறகு கடைக்கு அனுப்பிவிடுகிறது. எல்லாம் ஒரு கண்சிமிட்டலில் முடிந்துவிடும்.

எதற்கு இவ்வளவு பாடு? பெரும்பாலும் கமிஷனுக்கு. நீங்கள் அங்கே எதையாவது வாங்கினால், அனுப்பிவைத்தவருக்கு ஒரு பங்கு கிடைக்கும். ஸ்கிம்லிங்க்ஸ், விக்லிங்க் போன்ற நிறுவனங்கள் இந்த வேலையை ஒரு சேவையாகவே தளங்களுக்கு விற்றன. 2012இல் படங்களைப் பகிரும் பின்ட்ரெஸ்ட் தளத்தில் பயனர்கள் போட்ட கடை இணைப்புகள் ஸ்கிம்லிங்க்ஸ் வழியாக மாற்றப்பட்டது தெரியவந்து பெரிய சர்ச்சை ஆனது. கமிஷன் வாங்குவதில் எனக்கு வருத்தமில்லை. சொல்லாமல் செய்வதுதான் தவறு. முகவரியைப் பார்த்துப் போகச் சொல்லி மூத்தோருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, அவர்கள் பார்க்கும் முகவரியே பொய்யாகிப் போனால் அந்தப் பாடத்துக்கு என்ன மதிப்பு? அத்தோடு, சர்க்கரை நோய்க்கான கால் பராமரிப்பைப் படித்துவிட்டு ஒருவர் எந்த மருந்துக்கடைக்குப் போகிறார் என்பது, அவர் பெயர்கூடக் கேள்விப்படாத மூன்றாம் ஆளுக்கு எதற்கு?

சரி, சோதிப்போம். கணினியில் செய்வது எளிது.

முதலில் மவுஸை இணைப்பின் மேல் நிறுத்தி, கீழ் மூலையில் தெரியும் முகவரியைப் படியுங்கள். பிறகு வலது பொத்தானை அழுத்தி, இணைப்பின் முகவரியை நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். இரண்டும் ஒன்றா? வலது பொத்தானும் ஸ்கிரிப்ட்டைத் தூண்டிவிடும் என்பதால், பல தளங்கள் இந்த ஒரு சோதனையிலேயே மாட்டிக்கொள்ளும். ஒட்டியது நீளமாக இருந்து, அதன் நடுவில் உண்மையான முகவரி சதவீதக் குறிகளோடு சிதைந்து கிடந்தால் ஐயமே வேண்டாம்.

சில ஸ்கிரிப்ட்டுகள் கெட்டிக்காரத்தனமானவை. இடது பொத்தானுக்கு மட்டும் வேலை செய்யும், அல்லது மாற்றிய வேகத்தில் பழையபடி வைத்துவிடும். அவற்றுக்கு எஃப்12 விசையை அழுத்தினால் வரும் கருவியில், பிரவுசர் தொடர்புகொள்ளும் முகவரிகளைப் பட்டியலிடும் நெட்வொர்க் பகுதியைத் திறவுங்கள். குரோமில் 'ப்ரிசர்வ் லாக்', ஃபயர்பாக்ஸில் 'பெர்சிஸ்ட் லாக்ஸ்' என்பதைக் கட்டாயம் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த பக்கம் திறந்ததும் பதிவுகள் அழிந்துவிடும். இப்போது இணைப்பைக் கிளிக் செய்து, பட்டியலை மேலிருந்து படியுங்கள். கடையின் பெயருக்கு முன்னால் தெரியாத ஒரு பெயரும் அதன் அருகில் 301, 302 அல்லது 307 என்ற எண்ணும் ('வேறு முகவரிக்குப் போ' என்று சர்வர் சொல்லும் குறியீடு) இருந்தால், அதுதான் நடுவில் நின்ற ஆள்.

பலர் தடுமாறுவது இங்கேதான்: இணைப்பு புதிய டேபில் திறந்தால் பழைய டேபின் பட்டியலில் நடுவில் வந்த அந்த முகவரி வராது. குரோமில் இந்தக் கருவியின் அமைப்புகளுக்குள் போனால், புதிதாகத் திறக்கும் பக்கங்களுக்கும் கருவி தானாகத் திறக்கும்படி ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதே பட்டியலில் 'பிங்' என்ற வகையில் ஒரு வரி வந்தாலும் கவனியுங்கள். இதில் உங்களை எங்கும் சுற்றிவிடுவதில்லை. நீங்கள் நேராகக் கடைக்குப் போகும்போதே, கிளிக் செய்த செய்தி மட்டும் பின்னால் தனியாகப் போகிறது. முகவரியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இது ஸ்கிரிப்ட்டின் வேலைதானா, அல்லது பக்கத்திலேயே அப்படி எழுதியிருக்கிறார்களா? கன்ட்ரோலும் யூவும் சேர்த்து அழுத்தினால், சர்வர் அனுப்பிய மூலப் பக்கம் தெரியும். அதில் கடையின் நேர் முகவரி இருந்து, கிளிக் செய்யும்போது மட்டும் மாறினால் ஸ்கிரிப்ட்தான். ஸ்கிரிப்ட்டுகள் ஓடப் பயன்படும் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு மறுபடி கிளிக் செய்தும் உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

கைப்பேசியில் இணைப்பை அழுத்திப் பிடித்தால் முகவரி தெரியும். ஆனால் ஸ்கிரிப்ட் அதற்குப் பிறகும் மாற்ற முடியும். ஆகவே கைப்பேசியில் சோதிப்பதை விட, முன்கூட்டியே தடுப்பதுதான் நல்லது.

எல்லா இடைவழியையும் சந்தேகப்பட வேண்டாம். நம் அரசாங்க அமைப்புகள் பயன்படுத்தும் கோ.கவ்.எஸ்ஜி சுருக்க முகவரி, தான் சுருக்கம் என்பதை மறைப்பதில்லை. ட்விட்டர் காலத்திலிருந்தே எக்ஸ் தளம் டி.கோ என்ற தன் சுருக்க முகவரி வழியாகத்தான் எல்லா இணைப்புகளையும் அனுப்புகிறது. எனக்கு அது பிடிக்காது, ஆனால் ஊரறிந்த விஷயம்.

தடுக்க நான் எல்லாருக்கும் போட்டுக்கொடுப்பது ஃபயர்பாக்ஸ் பிரவுசரும், விளம்பரங்களையும் பின்தொடரும் ஸ்கிரிப்ட்டுகளையும் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியும். ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸிலும் இது வேலை செய்யும். குரோமில் இப்போது இதன் லைட் பதிப்புதான். பிங் செய்தியை ஃபயர்பாக்ஸ் தானாகவே அனுப்பாது. பிரேவ் பிரவுசர் தனக்குத் தெரிந்த இடைமுகவரிகளைத் தாண்டி, நேராகக் கடைசி முகவரிக்கே கொண்டுபோகும். ஒரு எச்சரிக்கை: இடையில் நிற்கும் சர்வரை மட்டும் தடுத்தால் இணைப்பே திறக்காது. முகவரியை மாற்றும் ஸ்கிரிப்ட்டையும் சேர்த்துத் தடுக்க வேண்டும்.

சொந்தமாகத் தளம் வைத்திருப்பவர்கள் இதை மேலும் கவனமாகப் படியுங்கள். அந்தச் சமையல் தளத்தை நடத்துபவருக்கு எழுதிக் கேட்டேன். அவருக்கு எதுவுமே தெரியாது. 'தொடர்புடைய பதிவுகள்' காட்ட அவர் போட்டிருந்த இலவச பிளகின் (தளத்தோடு சேர்க்கும் துணை நிரல்) ஒன்று, வெளி இணைப்புகளையெல்லாம் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. நம்பி ஒரு கடையைப் பரிந்துரைத்தது அவர், அதில் காசு பார்த்தது யாரோ. உங்கள் பக்கத்தில் எங்கெங்கிருந்து ஸ்கிரிப்ட் ஏறுகிறது என்று நெட்வொர்க் பகுதியில் பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்திச் சோதியுங்கள். நிறுத்தும்போது தற்காலிகச் சேமிப்பையும் (கேஷ்) அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய பக்கமே வந்து உங்களை ஏமாற்றும். அப்புறம், நீங்கள் அனுமதித்த இடங்களிலிருந்து மட்டும் ஸ்கிரிப்ட் ஏறும்படி சர்வரில் 'கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி' எழுதிவைக்கலாம். கமிஷன் இணைப்பு போடத்தான் போகிறீர்கள் என்றால் இணைப்பின் பக்கத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள். காசுக்கான இணைப்பு என்று தேடுபொறிக்குச் சொல்லும் 'ஸ்பான்சர்ட்' என்ற குறிப்பையும் இணைப்பின் நிரலில் சேருங்கள். கூகல் 2019இல் அறிமுகப்படுத்திய குறிப்பு அது.

வாசகராகப் புகார் செய்ய நினைத்தால், தளத்தை நடத்துவது சிங்கப்பூர் நிறுவனமா என்று பாருங்கள். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒவ்வொரு நிறுவனமும் ஒரு தரவுப் பாதுகாப்பு அதிகாரியை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் விவரத்தை வெளியிட வேண்டும். அவருக்கு எழுதுங்கள்: எந்தப் பக்கம், எந்த இணைப்பு, கண்ணில் பட்ட முகவரி எது, நடுவில் வந்த முகவரி எது, தேதி, நேரம். நெட்வொர்க் பட்டியலைப் படமெடுத்து இணையுங்கள். அந்தத் தளத்தில் உங்களுக்குக் கணக்கு இருந்தால், கடந்த ஓராண்டில் உங்கள் தரவு எப்படிப் பயன்படுத்தப்பட்டது, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்றும் கேளுங்கள். அப்படிக் கேட்க அதே சட்டம் இடம் தருகிறது.