படித்து முடித்த நாவலைத் துணையிடம் சொல்வது எப்படி?

நல்ல நாவல் ஒன்றை முடித்த சூட்டோடு துணையிடம் போய்ச் சொல்ல வேண்டும் போலிருக்கும். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் கதையைச் சொல்லாதீர்கள். நான் சொல்ல வருவதில் முக்கால்வாசி இதுதான்.

முதலில் எங்கள் வீட்டு நிலவரம். மூன்று தலைமுறைக் கதை, பக்கத்துக்குப் பக்கம் புது உறவு, தலையணை கனம்: இப்படிப்பட்ட நாவல்கள்தான் எனக்குப் பிடிக்கும். கணவர் துப்பறியும் கதைக்காரர். அதிலும் பாதியை ஒலிநூலாகக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார். நான் மடமடவென்று முடித்துவிடுவேன், அவர் ஒரு புத்தகத்தை மாதக்கணக்கில் வைத்திருப்பார். இரண்டு பேருக்கும் ஒரே நாவல் பிடித்துப்போவது அபூர்வம். அப்படியும் எங்கள் பேச்சில் பெரும்பகுதி நாவல் பேச்சுதான். ரசனை ஒத்துப்போனால்தான் இதெல்லாம் நடக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சொல்பவருக்கு

கதைச் சுருக்கத்தில் நாவலின் குரல் போய்விடும். பெயர்களும் உறவுமுறையும்தான் மிஞ்சும். "அந்தச் சின்னவன் இருக்கான்ல, அவனோட பெரியப்பா பையன் கட்டிக்கிறதா இருந்த பொண்ணு..." என்று வரும்போதே எதிரில் இருப்பவரின் கண் கைபேசிக்குப் போயிருக்கும். அவரைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் அந்த ஆட்களோடு நாள்கணக்கில் பழகியவர், அவருக்கோ எல்லாரும் புது முகம்.

ஒரு ஆள், அவருக்கு ஒரு சிக்கல், உங்களை மேலே படிக்கவிடாமல் நிறுத்திய ஓர் இடம். இவ்வளவு போதும். ஒரு நாவல் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "ஒரு அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகன் போடற கடிதத்தை தபால்காரர்தான் படிச்சுக் காட்டுவார். கெட்ட சேதி இருந்தா அந்த வரியை மட்டும் விட்டுடுவார். ஒருநாள் படிச்சு முடிச்சதும் அந்த அம்மா கேக்கறா, 'இன்னிக்கு எதை விட்டீங்க?'" அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மகன் என்ன ஆனான், தபால்காரருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் கேட்டால் சொன்னால் போதும்.

இதைவிடவும் நன்றாக வேலை செய்வது, ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டுவது. எந்தப் பக்கம் என்பதில்தான் சூட்சுமம். எல்லாருக்கும் உச்சக்கட்டத்தை வாசிக்கத் தோன்றும். அது எடுபடாது. அந்த வரியின் கனம் முழுக்க அதற்கு முந்தைய முந்நூறு பக்கத்தில் இருக்கிறது, கேட்பவரிடம் அந்த முந்நூறு பக்கம் இல்லை. முதல் சில அத்தியாயங்களில் இரண்டு பேர் பேசிக்கொள்கிற இடமாகத் தேடுங்கள். முன்கதை சொல்லாமலே புரிய வேண்டும், இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும். சண்டையாக இருந்தால் இன்னும் நல்லது. அடுத்தவர் வீட்டுச் சண்டைக்குக் காது கொடுக்காதவர் யார்?

நேரம் பற்றி ஒரு வார்த்தை. அவர் தன் புத்தகத்தில் மூழ்கியிருக்கும்போது உங்கள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். "ஒரு பக்கம் படிச்சுக் காட்டட்டுமா?" என்று கேளுங்கள், "அப்புறம்" என்றால் அப்புறம்தான்.

கேட்பவருக்கு

இந்தப் பக்கத்து வேலையை யாரும் சொல்லித்தருவதில்லை. எனக்கோ இதுதான் பெரிய வேலையாகத் தெரிகிறது. ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2004-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நமக்கு நடந்த நல்ல விஷயத்தைத் துணையிடம் சொல்லும்போது அவர் எப்படி எதிர்வினை காட்டுகிறார் என்பதை நான்கு வகையாக அதில் பிரித்தார்கள். ஆர்வத்தோடு கேட்டுக் கிளறுவது ஒன்று. சுரத்தில்லாமல் "நல்லது" என்பது இரண்டு. குறை கண்டுபிடிப்பது மூன்று. கண்டுகொள்ளாமல் வேறு பேச்சுக்குத் தாவுவது நான்கு. முதல் வகைதான் உறவில் நெருக்கத்தோடும் நிறைவோடும் சேர்ந்து வந்தது. அவர்கள் கேட்டது அன்றாட வாழ்க்கையின் நல்ல செய்திகளைப் பற்றி, நாவல்களைப் பற்றி அல்ல. இருந்தாலும் என் கணக்கில் நல்ல நாவலும் நல்ல செய்திதான்.

"பிரமாதமான நாவல் ஒண்ணு முடிச்சேன்" என்கிறேன். "ம், நல்லது" என்று ஒரு பதில் வரலாம். "அந்த ஆள் எழுதறது எல்லாமே ஒரே மாதிரிதானே இருக்கும்?" என்று வரலாம். "சரி, நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றும் வரலாம். என் கணவரிடமிருந்து வருகிற பதில் வேறு: "அதுல நீ யாரை நம்பல?" துப்பறியும் கதை படித்துப் படித்து வந்த கேள்வி அது. குடும்ப நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி எனக்குத் தெரியவில்லை. நம்பாத ஆளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நாவலின் பாதி தானாக வெளியே வந்துவிடும்.

பதிலுக்கு அவருடைய புத்தகங்களுக்கு நானும் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். "கொலைகாரன் யாருன்னு சொல்லவேண்டாம், செத்தவரைப் பத்திச் சொல்லுங்க." நல்ல துப்பறியும் நாவலாக இருந்தால், செத்தவரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும். ஒன்றுமே இல்லை என்றால் அந்தப் புத்தகத்தை நான் கையில் எடுப்பதில்லை.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அது சொல்பவரை மறுபடியும் கதைச் சுருக்கத்துக்கே இழுத்துக்கொண்டு போகும்.

முடிவைச் சொல்லலாமா?

முடிவு தெரிந்தால் ரசனை கெட்டுவிடும் என்பது அவ்வளவு உறுதியான விஷயமில்லை. சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோனதன் லீவிட், நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், சிறுகதைகளின் முடிவை முன்கூட்டியே அறிந்து படித்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே ரசித்திருந்தார்கள். துப்பறியும் கதைகளும் அதில் உண்டு. பிறகு வந்த சில ஆய்வுகள் இதற்கு எதிராகச் சொல்லின. எங்கள் வீட்டில் அந்தப் புத்தகத்தை இன்னும் படிக்காதவர் வைத்ததுதான் சட்டம். அவர் கேட்டால் முடிவைச் சொல்லலாம், கேட்காவிட்டால் வாயே திறக்கக் கூடாது. "நீ எதிர்பார்க்கவே மாட்டே" என்பதும் முடிவைச் சொன்னதற்குச் சமம்தான். அதைக் கேட்டவர் அந்த நிமிடத்திலிருந்து எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

இரண்டு பேரும் ஒரே நாவலைப் படிக்கும்போது

முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்காக வாயைக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். எங்கே இருக்கிறோம் என்பதை அத்தியாய எண்ணால் சொல்லிக்கொள்ளுங்கள். மின்னூலில் எழுத்தளவை மாற்றினால் திரையில் தெரியும் பக்கமும் மாறும், ஒலிநூலில் பக்கமே கிடையாது. புத்தகத்தில் கோடு போடுவதென்றால் இருவருக்கும் தனி அடையாளம் இருக்கட்டும். நான் ஓரத்தில் புள்ளி வைப்பேன், அவர் சின்னக் கோடு போடுவார். என் புள்ளியும் அவர் கோடும் ஒரே பத்தியில் விழுந்தால் அன்றைக்குப் பேச்சுக்குக் குறைவில்லை.

சேர்ந்து படிக்க எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் தொடர்கதையாக வந்த நாவலை எடுங்கள். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்தது. அடுத்த இதழ் வரை வாசகரை இழுத்துப்பிடிக்க வேண்டிய கட்டாயம் ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் தெரியும். தினம் ஒரு அத்தியாயம் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்க, அளவாக இருக்கும். மொத்தம் ஐந்து பாகம் என்பதால் இடையில் சண்டை வந்தால் சமாதானம் ஆகவும் அவகாசம் உண்டு.

ஒருவருக்குத் தடித்த புத்தகம் ஆகாது என்றால் வேறு வழி இருக்கிறது. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையை அவரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலைப் படியுங்கள். சிறுகதையில் ஒரு அம்மா தன் மகள் விஷயத்தில் ஒரு முடிவு எடுக்கிறாள். அவள் அப்படி நடந்துகொள்ளாமல் போயிருந்தால் என்ன ஆகும் என்பதிலிருந்து நாவல் கிளம்புகிறது. இரண்டு பேரும் ஒரே பெண்ணைப் பற்றிப் பேசுவீர்கள், ஆனால் இருவர் கையிலும் வேறு வேறு வாழ்க்கை இருக்கும்.

பிடிக்கவில்லை என்றால்

நீங்கள் கொண்டாடிய நாவலை அவர் பாதியில் மூடி வைத்தால் கோபம் வரத்தான் செய்யும். "உங்களுக்கு ரசிக்கத் தெரியல" என்று ஆரம்பித்தால் அடுத்த புத்தகத்தைப் பற்றி அவர் உங்களிடம் பேசவே யோசிப்பார். "எந்த இடத்துல விட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நான் உருகிப்போய்ப் படித்த ஒரு கல்யாண அத்தியாயத்தில்தான் கணவர் ஒரு நாவலை விட்டார். "அத்தனை பேர் வந்தாங்க, ஒருத்தர்கூட எதையும் மறைக்கல" என்றார். அதற்குப் பிறகு அவருக்குப் புத்தகம் சிபாரிசு செய்யும் முன்பு, அதில் யாராவது எதையாவது மறைக்கிறார்களா என்று பார்த்துக்கொள்கிறேன். அந்தக் கல்யாண அத்தியாயத்தை மட்டும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.